நிஸ்தார் ஹாஜியாரும் 'மீறினார்' என்ற சொல்லும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தெமோதரையில் என் வீட்டில், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"அங்கிள், நான் ரிஸ்வான் பேசுறேன். வாப்பா மௌத்தாகிட்டார். சுபஹு தொழுதிட்டுச் சாஞ்சவர்தான், எழும்பல்ல. அசருக்குப் பொறகு அடக்கம்."

நான் "சரி, சரி" என்றேன். காரியாலயத்துக்கு வந்த கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்வதுபோல அதைச் சொன்னேன். தொலைபேசியை வைத்து வெகுநேரம் கழிந்த பிறகுதான், தகப்பனை இழந்த பிள்ளைக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லையே என்று உறைத்தது. மறுபடி அழைக்கத் தைரியம் வரவில்லை.

பதுளைக் கடைத்தெருவில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளராக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ஜனாப் முகம்மது நிஸ்தார் அவர்களையே சொல்கிறேன். ஊவா மாகாணத் தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழோ காணி உறுதியோ வைத்திருக்கும் பலருடைய பெட்டிகளில் அவருடைய வட்ட முத்திரை இருக்கும். முகத்தை அறியாதவர்கள்கூட அந்த முத்திரையை அறிவார்கள். நானோ நமுனுகுல மலையடிவாரத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் காரியாலயத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். அவரைப் பற்றி ஓரிரு பக்கம் எழுதித் தரும்படி ரிஸ்வான் கேட்டார். என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். "வாப்பா ஒங்களத்தான் சொல்லியிருப்பார் அங்கிள்" என்றார். அது உண்மையா, ஆறுதலா என்று எனக்குத் தெரியாது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த முறை.

நான் இரண்டாம் கிளாக்கராகச் சேர்ந்த புதிதில், தொழிற்சாலை வாசலில் மாட்டுவதற்கான அறிவித்தல் ஒன்றைத் தமிழாக்கி, அத்தாட்சிக்காக அவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்கருகே பிடித்து வாசித்தார். கடைசி வரியில் நின்றார். 'மேற்கண்ட விதிகளை உடைப்போர் கடுமையாகத் தண்டிக்கப்படுவர்' என்று நான் எழுதியிருந்தேன்.

"தம்பி, சட்டம் என்ன சட்டியா, ஒடைக்கிறதுக்கு?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆங்கிலத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று முணுமுணுத்தேன்.

"இங்கிலீஷ்காரன் ஒடைக்கட்டும். நாம மீறுவோம்" என்று சொல்லி, 'உடைப்போர்' என்பதை மெல்லிய கோட்டால் அடித்து, மேலே 'மீறுவோர்' என்று எழுதினார். "வேலிய ஒடைக்கலாம், ஒப்பந்தத்த முறிக்கலாம், வாக்குத் தவறலாம். கட்டளைய மட்டும் மீறத்தான் ஏலும்."

அந்த அறிவித்தல் இரண்டு பலகைகளாக வாசலில் தொங்கியது. மேற்பலகையில் ஆறு விதிகள். கீழ்ப்பலகையில் தண்டனை. சில ஆண்டுகள் கழித்து ஒரு காற்றுக்கு மேற்பலகை விழுந்துவிட்டது. யாரோ அதை எடுத்துக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கிவிட்டார்கள். கீழ்ப்பலகை மட்டும் மிஞ்சியது: 'மேற்கண்ட விதிகளை மீறுவோர் கடுமையாகத் தண்டிக்கப்படுவர்.' தினமும் அதைக் கடந்து போகும் எங்களில் ஒருவருக்கும் அது வினோதமாகப் படவில்லை. எல்லைத் தகராறு ஒன்றுக்காகத் தோட்டத்துக்கு வந்த ஹாஜியார்தான் பலகைக்கு முன்னால் நின்றார். தொப்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரு பலாமரமும் வானமும்தான் இருந்தன.

"கிளாக்கர், மேற்கண்ட விதி இந்தப் பலாமரமா?"

பக்கத்தில் நின்ற தொழிற்சாலைக் காவற்காரர் சொன்னார்: "ஆமாங்கய்யா. அதுல ஏறிப் பழம் புடுங்குனா தண்டனை உண்டுங்க."

ஹாஜியார் சிரித்த சிரிப்பில் தொழிற்சாலைக்குள்ளிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, சிரிப்பு அடங்காத குரலிலேயே, "பலகய எறக்கி வைங்க. விதி இல்லாத எடத்துல மீறல் இல்ல" என்றார். நான் இறக்கி வைக்கவில்லை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அனுமதி கேட்கத் தயங்கினேன். அது என் ஓய்வு நாள்வரை அங்கேயே தொங்கியது.

மாதம் ஒரு தரமாவது தோட்டத்துக் கடிதங்களுடன் அவருடைய மாடிக்குப் போவேன். குறுகிய மரப்படி. மேலே இரண்டு மேசைகள், தட்டச்சுப் பொறி, பிற்காலத்தில் ஒரு கணினி. அவருடைய அகராதி கடையில் வாங்கியதல்ல. நீளமான கொப்பிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தச் சொல்லை யார், எப்போது, எப்படிச் சொல்லக் கேட்டார் என்று எழுதி வைத்திருந்தார். 'மீறு' என்ற சொல்லுக்கு ஒரு பக்கம் போதாமல் தாள் ஒட்டியிருந்தார். ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் சொன்னது: 'கை மீறிப் போயிருச்சு.' கங்காணி ஒருவர்: 'எம்பேச்ச மீறி ஒரு கொழுந்து கிள்ளப்படாது.' மருமகளைப் பற்றி ஒரு மாமியார்: 'வாய் அளவு மீறுது.' வெள்ளத்தைப் பற்றிப் பேருந்து நடத்துநர்: 'ஆறு கரைய மீறிருச்சு, பஸ் போவாது.'

ஒருநாள் அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டி விளக்கினார். "இதுல இரிக்கிற மீறல் எல்லாம் ஒண்டில்ல, பாருங்க. வெள்ளம் கரைய மீறும். ஆனா வெள்ளத்துக்குக் கரை எதுண்டு தெரியாது. அதனால வெள்ளத்தப் புடிச்சு விசாரிக்க ஏலாது. மனுசன் மீறினா விசாரிக்கலாம். ஏன்? அவனுக்குக் கரை தெரியும். தெரிஞ்சு தாண்டினவனத்தான் மீறினாண்டு எழுதணும். தெரியாம போனவன் தவறினவன். அவனுக்குச் சொல்லிக் குடுக்கணும், தண்டிக்கப்படாது."

நான் தலையாட்டினேன். நல்ல விளக்கம் என்றுகூட நினைத்தேன். தோட்டத்துக்குத் திரும்பி, வழக்கம்போல என் படிவங்களையே நிரப்பினேன்.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தொழிலாளி ஒருவர்மீது குற்றம் சாட்டும் கடிதத்துக்கு எங்கள் காரியாலயத்தில் ஒரே மாதிரிதான் இருந்தது. எனக்கு முன்பிருந்த கிளாக்கர் எழுதியது. அவர் அதற்கு முன்பிருந்தவரிடமிருந்து எடுத்தது. 'தோட்ட நிர்வாகத்தின் கட்டளையை மீறி நீர்' என்று தொடங்கி, இடம் விட்டு, 'என்பதனால்' என்று தொடரும். பிந்தி வந்தவருக்கும் அதே கடிதம். மேற்பார்வையாளரை ஏசியவருக்கும் அதே. மாடு தேயிலைக்குள் புகுந்தால், மாட்டின் சொந்தக்காரருக்கும் அதே. எந்தக் கட்டளை, அது எப்போது பிறந்தது என்று ஒரு கடிதத்திலும் இராது. ஒருவரும் கேட்டதும் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அது நோன்பு மாதம் என்று நினைவில்லாமல், ஒருநாள் நண்பகலில் மாடியேறிப் போய் உட்கார்ந்து, பையிலிருந்த போத்தல் தேநீரை மூடியில் ஊற்றி இரண்டு மிடறு குடித்துவிட்டேன். ஹாஜியாரின் உலர்ந்த உதடுகளைப் பார்த்த பிறகுதான் பொறி தட்டியது. மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அவர் தட்டச்சை நிறுத்தவே இல்லை. "நோன்பு எனக்குத்தான் கிளாக்கர். ஒங்களுக்கு இல்லாத சட்டத்த நீங்க எப்பிடி மீறுவீங்க? ஆறப் போவுது, குடிங்க."

"மரியாதைக்குக் குறைவாக..."

"மரியாத வேற பக்கம். அந்தக் கொப்பிய நாளக்கி எடுப்போம். இப்ப குடிங்க."

இனி, எழுத எனக்கு வெட்கமாக உள்ள பகுதிக்கு வருகிறேன். ஹாஜியாரின் வாழ்வில் இது ஒரு நாள் வேலை. என் வாழ்விலும், புஷ்பம் என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணின் வாழ்விலும் அப்படியல்ல.

தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டி விழும் குச்சிகளுக்கு மிலாறு என்று பெயர். தலைமுறை தலைமுறையாக அதைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்துவந்துதான் தொழிலாளரின் வரிசைவீடுகளான லயங்களில் அடுப்பெரித்தார்கள். அந்த ஆண்டு நிர்வாகம் புதிய கட்டளை ஒன்றை இட்டது: மிலாறு மண்ணுக்கு உரமாக மலையிலேயே கிடக்கவேண்டும், ஒருவரும் எடுக்கக்கூடாது. இப்படிப்பட்ட கட்டளைகளைக் காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் தொழிலாளர் முன் வாசிப்பது வழக்கம். அதைத் தமிழில் எழுதி வாசிப்பது என் பொறுப்பு. வாசித்ததும் சுற்றறிக்கைப் புத்தகத்தில் 'பெரட்டில் வாசிக்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

அந்தப் புத்தகம் மாலையில் துரையின் பங்களாவுக்குப் போகும். ஆகவே நான் முந்திய மாலையே எழுதிக் கையொப்பமிட்டுவிடுவேன். மறுநாள் காலை வாசிப்பேன். பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்தேன். ஒரு நாளும் பிசகவில்லை. என் ஒழுங்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த முறை மறுநாள் காலை நமுனுகுல மலையே தெரியாத மழை. கங்காணி ஆட்களைப் பெரட்டுக்கு வரச்சொல்லாமல், லயத்து வாசலிலேயே பிரித்து மலைக்கு அனுப்பிவிட்டார். அதற்கடுத்த நாள் சம்பளப் பட்டியல் வேலை வந்தது. அறிவித்தல் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. நான் மறந்துபோனேன்.

பத்து நாள் கழித்துப் புஷ்பம் மிலாற்றுக் கட்டுடன் வந்தபோது துரைக்கு உதவியாளராகப் புதிதாக வந்திருந்த சின்னத்துரை வழிமறித்தார். "பொறந்ததுலருந்து தூக்குறதுதானுங்களே, இன்னிக்கு என்னா புதுசா?" என்று புஷ்பம் கேட்டிருக்கிறார். சின்னத்துரைக்கு அது எதிர்த்துப் பேசுவதாகப் பட்டது. எல்லோருக்கும் பாடமாக இருக்கட்டும் என்று, பேரை வெட்டுவதற்கான விசாரணைக்கு உத்தரவாயிற்று. பேர் வெட்டப்பட்டால் வேலை மட்டும் போவதில்லை. குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். புஷ்பத்தின் கணவர் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். போக்கிடம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

குற்றச்சாட்டுக் கடிதத்தை நான்தான் எழுதினேன். 'கட்டளையை மீறி நீர்' என்ற வரிக்குப் பின் 'மிலாறு எடுத்துச் சென்றீர்' என்று நிரப்பும்போதுதான் இழுப்பறை நினைவுக்கு வந்தது. திறந்து பார்த்தேன். அறிவித்தல் மடிப்புக் கலையாமல் இருந்தது. இழுப்பறையை மூடினேன். கடிதத்தை அனுப்பினேன். இதற்கு மேல் அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

விசாரணை அதிகாரியாகப் பண்டாரவளையிலிருந்து ஒரு சட்டத்தரணி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. விசாரணை ஆங்கிலத்தில்; மொழிபெயர்க்க நிர்வாகம் அழைத்தது நிஸ்தார் ஹாஜியாரை. அவர் உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தார். பின், நின்றுகொண்டிருந்த புஷ்பத்துக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இரிங்க தங்கச்சி. நின்டுகிட்டுக் கேட்டா பாதிதான் காதுல ஏறும்."

அதிகாரி குற்றச்சாட்டை ஆங்கிலத்தில் வாசித்தார். ஹாஜியார் வழக்கமாக வாசிப்பவர் மூச்சு வாங்குவதற்குள் மொழிபெயர்த்துவிடுவார். அன்று பேசாமல் இருந்தார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். ஹாஜியார் எழுந்து, மிகுந்த பணிவுடன், இந்த இடத்துக்குத் தமிழில் தம்மிடம் இரண்டு சொற்கள் இருப்பதாகச் சொன்னார். கட்டளையை அறிந்து அதைத் தாண்டியவருக்கு ஒன்று, அறியாமல் பிசகியவருக்கு ஒன்று. அந்த அம்மாவுக்குக் கட்டளை தெரியுமா என்று தெரியாமல், சத்தியம் செய்த தம்மால் இரண்டில் ஒன்றை எடுத்து அவர் தலையில் வைக்க முடியாது என்றார்.

நீர் மொழிபெயர்ப்பாளரா, இந்தப் பெண்ணின் வக்கீலா என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளன் என்பதனால்தான் கேட்கிறேன் என்றார் ஹாஜியார். சின்னத்துரை நாற்காலியில் நெளிந்தார். நான் என் பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அதிகாரி, சரி, கேட்டுத் தொலையும் என்பதுபோலக் கையை அசைத்தார்.

"தங்கச்சி, மிலாறு தூக்கப்படாதுண்டு கட்டள ஒண்டு வந்தது ஒங்களுக்குத் தெரியுமா?"

புஷ்பம் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்ப வந்திச்சிங்க?"

சின்னத்துரை சுற்றறிக்கைப் புத்தகத்தை விரித்து வைத்தார். 'பெரட்டில் வாசிக்கப்பட்டது.' கீழே என் கையொப்பம். அதையும் ஹாஜியார் மொழிபெயர்த்தார்: "பெரட்டுல வாசிச்சதா கிளாக்கர் கையெழுத்துப் போட்டிரிக்கார்."

புஷ்பம் சற்றே யோசித்தார். அவருடைய முகத்தில் கோபமே இல்லை. "அப்ப வாசிச்சுத்தான் இருப்பாங்கய்யா. எனக்குத்தான் காதுல விழுகல போல. கிளாக்கரய்யா பொய் எழுத மாட்டாருங்க."

ஹாஜியார் அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அதிகாரி குறித்துக்கொண்டு, பகலுணவுக்கு எழுந்தார்.

காரியாலயத்தின் பின்புறம் ஒரு தண்ணீர்க்குழாய் உண்டு. ஹாஜியார் லுஹர் தொழுகைக்காக அங்கே கைகால் கழுவிக்கொண்டிருந்தார். நான் அருகே போய் நின்றேன். "ஹாஜியார், அது வாசிக்கப்படவில்லை" என்றேன். மழையையும் இழுப்பறையையும் சொன்னேன். பேச்சுத் தமிழில் சொல்லக்கூட எனக்கு அப்போது முடியவில்லை. அறிக்கை வாசிப்பவன்போலச் சொன்னேன்.

அவர் முழங்கைவரை தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி முடித்தார். பிறகு குழாயை மூடினார்.

"கிளாக்கர், இத என்கிட்டச் சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டேன். எனக்கு வாய் இல்ல. மத்தவங்க சொல்றதச் சொல்றதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிரிக்காங்க. நானா ஒண்டும் சொல்ல ஏலாது."

"என் வேலை போய்விடும்."

"போவலாம்" என்றார். அதை மறுக்கவில்லை, மறுத்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ளுக்கு வந்து சொல்லுங்க. நான் மொழிபெயர்க்கிறேன்" என்றார்.

"எனக்கு ஆங்கிலம் தெரியுமே, ஹாஜியார்."

"தெரியும். ஆனா ஒங்க கையப் பாருங்க."

என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

பகலுணவுக்குப் பின் விசாரணை தொடங்கியதும் எழுந்தேன். இருபது ஆண்டுகள் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன், அன்று தமிழில் பேசினேன். "ஒரு தவறு நடந்துவிட்டது. அறிவித்தல் பெரட்டில் வாசிக்கப்படவில்லை" என்றேன். ஹாஜியார் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். யாரால் என்று அதிகாரி கேட்டார். அந்தக் கேள்வியையும், அது எனக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்திருந்தும், ஹாஜியார் தமிழில் எனக்குச் சொன்னார். அந்த ஒரு கணம் எனக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. "என்னால்" என்றேன். "வாசிக்காமலே வாசித்ததாக நான் எழுதினேன். அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை."

என் குற்றத்தை வேறொருவருடைய அமைதியான குரலில், பிழையற்ற ஆங்கிலத்தில் கேட்டேன். என் நடுக்கம் அதில் இல்லை. என் சாக்குப்போக்கும் இல்லை. அன்று மழை என்று நான் முடிவில் சேர்த்ததையும் அவர் சொன்னார், ஆனால் அது மழையாக மட்டும் இருந்தது. புஷ்பம் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஏமாற்றமே கூட இருந்தது.

குற்றச்சாட்டு விலக்கப்பட்டது. மறுநாளே புஷ்பம் வேலைக்குப் போனார். சுற்றறிக்கை அந்த வாரம் பெரட்டில் வாசிக்கப்பட்டது, வாசித்தவன் நான். புஷ்பம் முன்வரிசையில் நின்று கேட்டார். என் வேலை போகவில்லை. கடும் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுப்பதென்று துரை முடிவு செய்தார். காரியாலயத்தில் தமிழில் கடிதம் எழுதுபவன் நான் ஒருவனே ஆகையால், எனக்கான எச்சரிக்கையை நானே எழுத வேண்டியதாயிற்று.

பழைய படிவத்தை எடுத்தேன். 'கட்டளையை மீறி நீர்' என்ற வரியில் பேனை நின்றுவிட்டது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பேருந்தேறிப் பதுளைக்குப் போனேன்.

"ஹாஜியார், நான் மீறினேனா, தவறினேனா?" என்று கேட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், 'தவறினீங்க' என்று அவர் சொல்வார் என்றே எதிர்பார்த்தேன். மறதிதானே, மழைதானே, இத்தனை வருடப் பழக்கம்தானே. ஆறுதல் வாங்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வாசிக்க மறந்தது தவறினது. அது யாருக்கும் வரும். வாசிக்க முந்தி வாசிச்சேண்டு எழுதப்படாதுண்டு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"இழுப்பறயத் தொறந்து பாத்த பொறகும் கடிதத்த அனுப்பப்படாதுண்டு?"

"தெரியும்."

"அப்ப மீறினீங்க." "அந்தச் சொல்லையே போடுங்க, கிளாக்கர். அதுதான் ஒங்களுக்கு மரியாத. தெரியாத மனுசன் எண்டு ஒங்கள நான் சொல்ல மாட்டேன்."

அன்று என்னைத் தட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தால், சில நாளில் அந்த ஆறுதலை மறந்திருப்பேன். அவர் தந்த சொல்லை நான் மறக்கவில்லை. 'வாசிக்காத சுற்றறிக்கையை வாசித்ததாக எழுதக்கூடாதென்ற விதியை அறிந்தே மீறினீர்' என்று என் பெயருக்கு நானே எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் இட்டேன். அதன்பின் அந்தப் படிவத்தைத் தொடவில்லை. யார்மீதும் கடிதம் எழுதவேண்டி வந்தால், எந்த விதி, அது எந்த நாளில் எங்கே வாசிக்கப்பட்டது என்று எழுதினேன். ஆச்சரியம் என்னவென்றால், அப்படி எழுதத் தொடங்கியதும் பல கடிதங்கள் எழுதப்படாமலே போயின. விதியைத் தேடிப் பார்த்தால் விதி இராது. வெறும் கோபம்தான் இருக்கும்.

பிற்காலத்தில் அவருடைய பார்வை மங்கியது. நான் ஓய்வு பெற்றபின், வியாழக்கிழமைகளில் போய் அவருடைய கொப்பிகளை வாசித்துக் காட்டுவேன். சில பதிவுகளைக் கேட்டுச் சிரிப்பார். சிலவற்றை அடிக்கச் சொல்வார். "இத யார் சொன்னதுண்டு நான் எழுதல்லியே. ஆளில்லாத சொல் எனக்கு வேணாம்" என்பார். 'மீறு' பக்கம் வந்தபோது, விசாரணையில் நான் சொன்னதை எழுதி வைத்திருக்கிறாரா என்று அச்சத்துடன் தேடினேன். இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது நான் கேட்டதில்ல, மொழிபெயர்த்தது. மொழிபெயர்த்தத வீட்டுக்குக் கொண்டு வாறதில்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஜனாஸாவில் பெருங்கூட்டம். தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பலர். பெரும்பாலோர் முத்திரையைத்தான் அறிந்தவர்கள். நான் அடக்கம் செய்யும் மையவாடியின் வாசலில் ஒதுங்கி நின்றேன். ரிஸ்வான் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

மறுநாள் பசறை வழியாகப் பேருந்தேறிப் பழைய தோட்டத்துக்குப் போனேன். புஷ்பத்திடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. விசாரணைக்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். லயத்து வாசலில் முறத்தை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கிளாக்கரய்யா! என்னாங்க இது, இந்த வெயில்ல, தொப்பிகூட இல்லாம? அடியே, ஐயாவுக்கு நாக்காலி கொண்டாடி!"

மகள் நாற்காலி கொண்டுவந்தார். உட்கார்ந்து, செய்தியைச் சொன்னேன்.

"எந்த ஹாஜியாருங்க?"

"அன்றைக்கு விசாரணைக்கு வந்தாரே. மொழிபெயர்க்க."

முறத்திலிருந்த கை நின்றது.

"நல்ல மனுசன்ங்க. நான் அவர அந்த ஒரு நாளுதான் பாத்தேன். அதுக்கு முந்தி எல்லாரும் 'தூக்குனியா, தூக்குனியா'ன்னுதான் கேட்டாங்க. தெரியுமான்னு கேட்டது அவரு ஒருத்தருதான்."

என் பழக்கம் விடவில்லை. அந்தக் கேள்விக்கு அனுமதி தந்தவர் விசாரணை அதிகாரி, முறைப்படி அது அதிகாரியின் கேள்வி, ஹாஜியார் அதைத் தமிழில் சொன்னார் என்று விளக்கினேன்.

புஷ்பம் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இருக்கட்டுங்கய்யா. எங்காதுல விழுந்தது அவரு கொரலுதானுங்களே."

பிறகு முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்து, கையைக் கழுவினார். சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, பதுளை இருக்கும் திசை எது என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். அந்தப் பக்கம் திரும்பிக் கைகூப்பி நின்றார். நானும் எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன். எங்களுக்குப் பின்னால், வெட்டப்படாத பேரில் இன்றும் அவருக்கே இருக்கும் அந்தக் காம்பராவுக்குள், மகள் எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சென்று வாருங்கள், ஹாஜியார். நாங்கள் இருவரும் உங்களுக்குக் கடமைப்பட்டவர்கள். அதை அறிந்தே சொல்கிறோம்.